பேரேடு யார் கையில்? – கணக்குக் கல்வியின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தமிழிலே ‘கணக்கு’ என்னும் சொல்லுக்குள்ள பொருள் விரிவு சிந்தனைக்குரியது. எண்ணைக் குறிப்பதும் அதுவே. வரவு செலவு எழுதும் ஏட்டைக் குறிப்பதும் அதுவே. நூலையும் அச்சொல் குறித்தது என்பதற்குப் பதினெண்கீழ்க்கணக்கு என்ற தொகுப்புப் பெயர் சான்று. குழந்தை முதன்முதலிற் கற்கும் அரிவரிக்கு நெடுங்கணக்கு என்று பெயர். கற்பிக்கும் ஆசிரியனைக் கணக்காயன் என்றனர் பண்டைத் தமிழர். நக்கீரரின் தந்தை மதுரைக் கணக்காயனார் எனவே அறியப்படுகிறார். எழுத்து, எண், நூல், ஆசிரியன் ஆகிய நான்கையும் ஒரே சொல்லால் தழுவிய சமுதாயம் கணக்கைக் கல்வியினின்றும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது தெளிவு.

ஆனால் அந்தக் கல்வி யாருக்குக் கிடைத்தது? கணக்கெழுதக் கற்றவர் யாருக்காக எழுதினர்? யாருடைய உழைப்பு அந்த ஏடுகளிற் பதியப்பட்டதோ, அவரால் அவ்வேட்டை வாசிக்க முடிந்ததா? இக்கேள்விகளை எழுப்பாமற் கணக்குக் கல்வியின் வரலாற்றை எழுதினால், அது பாடத்திட்டங்களின் பட்டியலாகவே முடியும். இன்று வணிகப் பிரிவிலே கணக்கீடு கற்கும் மாணவர் எம் பாடசாலைகளில் ஏராளமாக உள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் அதனை ஓர் உத்தியோகத்துக்கு இட்டுச்செல்லும் பாடமாகவே அறிவர். அப்பாடத்துக்குப் பின்னாலுள்ள நீண்ட சமூக வரலாற்றை ஓரளவேனும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்துக்கு முன் கணக்கு

மனிதன் கவிதை எழுதுவதற்காக எழுத்தைக் கண்டுபிடித்தான் என்று எண்ணுவது எம்போன்ற இலக்கிய மாணவருக்கு இனிமையானதே. ஆயினும் அகழ்வாய்வு வேறு கதை சொல்கிறது. இன்றைய ஈராக்கிலுள்ள ஊருக் நகரிலே கிடைத்த மிகப் பழைய களிமண் ஏடுகள் கிறிஸ்துவுக்கு முன் நாலாம் ஆயிரத்தாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவை. அவற்றிற் பெரும்பாலானவை தானியம், கால்நடை, கூலிப் பங்கீடு பற்றிய கணக்குகளே. உழைப்பின் விளைவைக் களஞ்சியத்திற் குவித்து வைத்த அதிகாரம், தான் பெற்றதையும் கொடுத்ததையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேவையே எழுத்தைப் பெற்றெடுத்தது எனலாம். அவ்வெழுத்தைப் பயிற்றுவதற்கென எழுந்த பள்ளிகள் வரலாறு அறிந்த மிகப் பழைய பள்ளிகளுள் அடங்கும்.

தமிழகத்திலும் கணக்கு ஆட்சியோடு பிணைந்தே வளர்ந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பழைமையான சனநாயகத்தின் சான்றாகப் பலர் போற்றுவர். வாரியங்களிற் பணியாற்றிக் கணக்குக் காட்டாது விட்டவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தெரிவு செய்யப்படத் தகுதியற்றவர் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் நெறி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லிற் பொறிக்கப்பட்டது பெருமைக்குரியதே. ஆனால் அதே கல்வெட்டு, குடவோலையிலே பெயர் எழுதப்படுவதற்கு வரி செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் உடையவனாகவும் வேதக் கல்வி பெற்றவனாகவும் இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த நிலத்தை உழுதவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருந்ததாக அது எங்கும் சொல்லவில்லை. போற்றுவோர் இரண்டு விதிகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

திண்ணையிற் கற்ற எண்

அச்சும் ஆங்கிலமும் பரவுவதற்கு முன்னர் தமிழ்ச் சிறுவர் கணக்குக் கற்ற இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். மணலிலே விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலைக்கு ஏறுவது வழக்கம். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்பன அங்கே மனப்பாடமாயின. பொன்னிலக்கம் எண்ணும் பின்னமும் பயிற்றுவது, நெல்லிலக்கம் முகத்தலளவைக்குரியது, குழிமாத்து நிலம் அளப்பதற்கு வேண்டிய வாய்பாடு. பெயர்களே அக்கல்வியின் நோக்கத்தைக் காட்டிவிடுகின்றன. பொன், நெல், நிலம் ஆகிய மூன்றுமே நிலமானிய சமுதாயத்தின் செல்வங்கள்.

அப்பயிற்சியின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஒன்றைக் காலாகவும் அரைக்காலாகவும் மாகாணியாகவும் பிரித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையும் முந்நூற்றிருபது கூறாக்கிக் கீழ்முந்திரி கண்டனர். இவற்றையெல்லாம் காகிதமின்றி வாயாற் பெருக்கி வகுக்கப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாற் கூடும். இதற்கு மேற்பட்டோருக்குக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இருந்தன. செய்யுள் வடிவிலே நிலவளவு, வட்டி, கூலி, பங்கீடு பற்றிய கணக்குகளை அவை கற்பித்தன.

1826ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்துப் பள்ளிகள் பற்றி ஆளுநர் தாமஸ் மன்றோ வெளியிட்ட குறிப்பு, அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணவரும் இருந்தனர் என்கிறது. இவர்களுட் சிறுமியர் 4,540 பேர் மாத்திரமே. பழைய கல்வியின் பரப்பைக் காட்டுவதற்கு இவ்வெண்களைச் சிலர் எடுத்தாள்வதுண்டு. எண்கள் உண்மையே. ஆயினும் அந்தத் திண்ணைகளின் படிகளில் ஏற அனுமதிக்கப்படாத சாதியினர் எத்துணைப் பேர் என்பதை அவை சொல்லா. வயலிலே நெல் அளக்கப்படும்போது மரக்காலைப் பிடித்தவனும் ஓலையிலே குறித்தவனும் ஒரு பக்கம். கூலி நெல்லுக்காகக் கையேந்தி நின்றவன் மறுபக்கம். அளவு சரியா என்று கேட்க அவனுக்கு வாய் இருந்தது, வாய்பாடு இருக்கவில்லை.

கிராமக் கணக்கு பரம்பரை உத்தியோகமாகவே நெடுங்காலம் நிலைத்தது. தகப்பனின் ஓலைக்கட்டு மகனுக்குச் சொத்தாயிற்று. தமிழ்நாட்டிலே பரம்பரைக் கர்ணம் முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1980ஆம் ஆண்டிலேதான் என்பதை நினைக்கும்போது, கணக்கறிவைக் குடும்பச் சொத்தாக்கிய மரபு எத்துணை உறுதியானது என்பது விளங்கும்.

வெனிசு தந்த பாடம்

மேற்கிலே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. இத்தாலிய வணிக நகரங்களிலே அபாக்கோப் பள்ளிகள் எனப்பட்ட கணக்குப் பள்ளிகள் தோன்றின. எழுத்தறிந்த சிறுவர் பத்துப் பதினொரு வயதளவில் அங்கே சேர்ந்து, இரண்டு ஆண்டு வரை வணிகக் கணிதம் கற்று, பின்னர் கடைகளிலே பயிலுநராயினர். 1338ஆம் ஆண்டளவில் புளோரன்சு நகரிலே ஆயிரம் முதல் ஆயிரத்திருநூறு சிறுவர் வரை ஆறு பள்ளிகளிற் கணக்குக் கற்றனர் என்று வரலாற்றாசிரியர் வில்லானி எழுதி வைத்துள்ளார். தேவாலயத்தின் இலத்தீன் கல்விக்குப் புறம்பாக, வளர்ந்துவந்த வணிக வர்க்கம் தனக்கென அமைத்துக்கொண்ட கல்வி இது.

அக்கல்வியின் முதிர்ச்சியே 1494ஆம் ஆண்டு வெனிசிலே அச்சான லூக்கா பசியோலியின் கணித நூல். அதன் ஒரு பகுதி இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்குகிறது. நிகழ்ந்தபடி குறிக்கும் குறிப்பேடு, ஒழுங்குபடுத்தும் நாளேடு, கணக்குவாரியாகப் பிரிக்கும் பேரேடு என மூன்று ஏடுகளை அவர் வகுத்துக் காட்டினார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு இடங்களிற் பதியப்படும். ஈற்றில் இரு பக்கமும் சமப்பட வேண்டும். பசியோலி இதனைக் கண்டுபிடித்தவரல்லர். வெனிசு வணிகர் நெடுநாளாகக் கையாண்டு வந்ததை எழுதி வைத்தவர் அவர். அவருடைய பெருமை வேறிடத்தில் உள்ளது. கற்றோர் மொழியாகிய இலத்தீனை விட்டு, கடைவீதியிலே வழங்கிய இத்தாலிய மொழியிலே அதனை அவர் எழுதினார். கடைக்காரர் இரகசியமாகக் காத்த முறையை, எழுத்தறிந்த எவனும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கக்கூடிய நூலாக அச்சுக்கூடம் மாற்றிற்று. தாய்மொழியும் அச்சும் சேர்ந்தபோது ஒரு தொழிலின் மறைபொருள் பாடமாயிற்று என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

கிட்டங்கிப் பள்ளி

கொழும்புச் செட்டியார் தெருவின் கிட்டங்கிகளிலே பள்ளிக்கூடம் என்ற பெயரின்றியே மிகக் கடுமையான கணக்குப் பள்ளி ஒன்று நடந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இலங்கை, பர்மா, மலாயா நாடுகளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பெரும் வட்டித் தொழில் நடத்தினர். அவர்தம் சிறுவர் இளமையிலேயே எண்சுவடியும் வட்டிக் கணக்கும் மனப்பாடமாகக் கற்று, பெட்டியடியில் எடுபிடி வேலை செய்யும் பையனாகக் கடல் கடந்தனர். பின்னர் ஏடெழுதும் அடுத்தாளாகி, ஈற்றிலே முதலாளியின் சார்பிற் கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தனர். பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவணை முடித்து, கணக்கொப்புவித்து, ஊர் திரும்புவர்.

செட்டிநாட்டுக் கடைக் கணக்கு முறையிலே குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் இருந்தன. கிளைக் கடையின் நிலையைத் தாய்க்கடை அறிவதற்கு ஐந்தொகை உதவிற்று. ஐரோப்பியக் கல்வியின் துணையின்றியே தமிழ் வணிகர் தம் தேவைக்குப் போதுமான முறையொன்றை வளர்த்திருந்தனர். ஆயினும் அக்கல்வி ஒரு சாதிக்குள்ளே பூட்டப்பட்டிருந்தது. பர்மாவின் நெல் வயல்களும் இலங்கையின் தென்னந்தோட்டங்களும் வயற்காணிகளும் அந்த ஏடுகளிலே அடைமானமாகப் பதியப்பட்டன. வட்டி பெருகிய வேகத்தைக் கடன்பட்ட விவசாயி தன் நிலம் கைமாறியபோதே உணர்ந்தான். 1934ஆம் ஆண்டு இலங்கை வங்கி ஆணைக்குழு நாட்டின் கடன் நிலையை ஆராய்ந்ததும், 1939இல் இலங்கை வங்கி தோன்றியதும் இச்சூழ்நிலையிலேதான்.

கந்தோரும் கிளாக்கரும்

ஒல்லாந்தர் தந்த ‘கந்தோர்’ என்ற சொல்லும், போர்த்துக்கேயர் தந்த ‘தோம்பு’ என்ற சொல்லும் எமது பேச்சிலும் ஆவணங்களிலும் பதிந்துள்ளன. குடியேற்ற ஆட்சி முதலிற் செய்த வேலை நிலத்தையும் ஆளையும் வரியையும் ஏட்டில் ஏற்றியதே என்பதற்கு இச்சொற்கள் போதும். ஆங்கிலேயர் காலத்திலே அந்த ஏட்டின் மொழி ஆங்கிலமாயிற்று. 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்கள் நிருவாகச் செலவைக் குறைக்க விரும்பின. இங்கிலாந்திலிருந்து எழுதுவினைஞரை இறக்குவதிலும் பார்க்கச் சுதேசிகளுக்கு ஆங்கிலம் கற்பித்து அவர்களை அமர்த்துவது மலிவானது. ஆங்கிலக் கல்வி எமக்குக் கிடைத்த வரலாற்றிலே இந்த மலிவுக் கணக்குக்கு முக்கிய இடமுண்டு.

1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் கதை இதனை நன்கு விளக்கும். மதப் பணிக்கு ஆளாக்குவதே அவர்தம் நோக்கம். கற்ற இளைஞரோ அரசாங்கக் கந்தோர்களையும் வணிக நிலையங்களையும் நாடினர். 1855இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டிலே, அங்கு கற்ற கறோல் விசுவநாதபிள்ளை எழுதிய வீசகணிதம் தமிழில் வெளிவந்தது. உயர் கணிதத்தைத் தமிழிலே சொல்ல முடியும் என்பது நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவப்பட்டுவிட்டது. எனினும் தமிழிற் கணிதம் கற்றவனுக்குக் கந்தோர்க் கதவு திறக்கவில்லை. வழியைத் தீர்மானித்தது மொழியின் ஆற்றலன்று. சம்பளம் கொடுப்பவனின் மொழியே.

வரண்ட மண்ணும் சிறு காணியும் கொண்ட யாழ்ப்பாணத்திலே இக்கல்வி பெருந்தாகத்தைக் கிளப்பிற்று. ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்’ என்னும் பழமொழி அத்தாகத்தின் குரல். புகையிலை விற்ற காசிலும் சீதனக் காணியை ஈடுவைத்த காசிலும் பிள்ளைகள் ஆங்கிலம் படித்தனர். மலாயாவின் புகையிரதப் பகுதியும் திறைசேரியும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரால் நிரம்பின. சுருக்கெழுத்து, தட்டெழுத்து, கணக்குப் பதிவு ஆகிய மூன்றையும் கற்பித்த தனியார் வணிக வகுப்புகள் நகரங்களிற் பெருகின. இலண்டன் வணிகச் சபையின் சான்றிதழ் வீட்டுச் சுவரிலே சட்டமிட்டுத் தொங்கவிடப்பட்டது.

இக்கல்வியின் தன்மை என்ன? அழகிய கையெழுத்து, பிழையற்ற கூட்டல், கேள்வி கேளாமை ஆகிய மூன்றுமே அதன் இலட்சியம். பேரேட்டின் பக்கங்களைச் சமப்படுத்தக் கற்பித்தனர். அந்தத் தொகைகள் எங்கிருந்து வந்தன என்று வினவக் கற்பிக்கவில்லை. தேயிலைக் கம்பனியின் இலாபத்தை ஆண்டுதோறும் அழகாக எழுதி இலண்டனுக்கு அனுப்பிய கிளாக்கர், அந்த இலாபத்தை விளைவித்த மலைநாட்டுத் தொழிலாளியைத் தன்னிலும் வேறான பிறவியாகவே கருதினார். இந்த மனப்பான்மையும் அந்தக் கல்வியின் பேறே. இதே காலத்திலே யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலையிலே வாங்கில் அமர்ந்து படிக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய சமஆசனப் போராட்டம் அதற்குச் சான்று. கந்தோருக்குச் செல்லும் பாதை தொடங்கிய இடத்திலேயே அவர்கள் மறிக்கப்பட்டனர்.

பேரும் துண்டும்

கணக்கின் அதிகாரம் மிகக் கொடூரமாக வெளிப்பட்ட இடம் பெருந்தோட்டம். அங்கே கணக்குப்பிள்ளை என்பது ஓர் உத்தியோகப் பெயர். காலையிலே பெரட்டுக்களத்தில் ஆளெண்ணி, மாலையிலே செக்ரோலிற் பேர் போடுபவர் அவர். ‘பேர்’ என்ற சொல் தோட்டத்துத் தமிழிலே அடைந்த பொருள் மாற்றம் எம்மைத் திடுக்கிடச் செய்யும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். வேலை குறைந்ததென்றோ கொழுந்து நிறை போதாதென்றோ கருதப்பட்டால் அரைப்பேர். மனிதனுடைய பெயரே கூலியின் அலகாயிற்று. அதனையும் பாதியாக வெட்டும் அதிகாரம் பென்சில் பிடித்தவன் கையில் இருந்தது.

தமிழகத்துக் கிராமத்திலிருந்து தொழிலாளியை அழைத்து வந்த செலவு, கங்காணி கொடுத்த முற்பணம், தோட்டத்திற் கடனாகக் கிடைத்த அரிசி, கம்பளி ஆகிய எல்லாம் அவன் பேரிலே பற்றாக எழுதப்பட்டன. கூலி வரவாக எழுதப்பட்டது. வரவு பற்றை எட்டுவதே இல்லை. தொழிலாளி வேறு தோட்டம் போக வேண்டுமானால், அவனுடைய கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ ஒன்று வழங்கப்படும். அத்தொகையைச் செலுத்தும் தோட்டம் அவனையும் அவன் கூட்டத்தையும் பெற்றுக்கொள்ளும். ஒரு சிறு காகிதத் துண்டிலே எழுதிய கணக்கு மனிதரைக் கைமாற்றிற்று. அந்தத் துண்டை அவனால் வாசிக்க முடியவில்லை. கடன் உண்மையில் எவ்வளவு என்று சரிபார்க்க அவனிடம் வேறு ஏடும் இருக்கவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமை சட்டத்தால் தோட்ட நிருவாகங்கள்மீது சுமத்தப்பட்டது. ஏட்டளவில் வந்த அக்கல்வியும் பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாகவே பல பத்தாண்டுகள் நின்றது. எண்ணத் தெரிந்த தொழிலாளியைத் துரைமார் விரும்பாததில் வியப்பில்லை.

இவ்விடத்திலே கோ. நடேசய்யரை நாம் நினைவுகூர்தல் தகும். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாகவும் ‘தேசபக்தன்’ ஆசிரியராகவும் அவரை அறிவோம். அவர் தஞ்சாவூரிலே வணிகக் கல்வி போதித்த ஆசிரியர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ‘வர்த்தக மித்திரன்’ என்ற ஏட்டை நடத்தியவர். வணிகத் துறை பற்றித் தமிழிலே நூல்களும் எழுதியவர். அவ்வேட்டின் பொருட்டே முதன்முதல் இலங்கைக்கு வந்தார். இங்கே தோட்டங்களின் நிலைமையை நேரிற் கண்டறியப் புடைவை வியாபாரி போல உள்ளே நுழைந்தார் என்பர். 1924இல் ‘தேசபக்தன்’ வெளிவந்தது. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைந்தது. 1947இல் மறையும் வரை அவர் எழுத்தும் பேச்சும் ஓயவில்லை. கணக்குக் கற்பித்த ஆசிரியர் தொழிலாளரின் தலைவரானது தற்செயலானதென நாம் கருதவில்லை. கூலி எவ்வளவு, பிடிப்பு எவ்வளவு, கடன் எவ்வாறு வளர்கிறது என்பதைப் பேரேட்டின் உள்ளிருந்து அறிந்தவனே, அதன் பொய்யைத் தொழிலாளிக்கு அவன் மொழியில் எடுத்துச் சொல்ல வல்லவன். கிளாக்கரை உருவாக்கிய அதே அறிவு, நோக்கம் மாறியபோது போராளியையும் உருவாக்கிற்று.

கூட்டத்திலே வாசிக்கப்பட்ட கணக்கு

கணக்கு மக்கள் கையில் வந்த இடங்களும் உண்டு. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இலங்கையிலே கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின. கிராமத்தவர் ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்றழைத்த இச்சங்கங்களின் காரியதரிசியாகவோ பொருளாளராகவோ பல இடங்களிற் பணியாற்றியவர் உள்ளூர்ப் பாடசாலை ஆசிரியரே. அங்கத்தவரின் சேமிப்பும் கடனும் தமிழிலே எழுதப்பட்டன. ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே கணக்கறிக்கை உரத்து வாசிக்கப்பட்டது. கமக்காரன் எழுந்து, ‘அந்த இருபது ரூபாய் எதற்குச் செலவானது?’ என்று கேட்க முடிந்தது. உத்தரமேரூரின் நெறி, நிலமுடைமை என்ற வேலியைக் கடந்து ஓரளவு வெளியே வந்தது இங்கேதான். அச்சங்கங்களிலும் பணக்காரரின் ஆதிக்கமும் ஊழலும் இருந்தன. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை விதியாக எழுதப்பட்டிருந்தது. கணக்குக் கல்வியின் உண்மையான பொதுமையாக்கம் இத்தகைய கூட்டங்களிலேயே தொடங்கிற்று எனலாம்.

இலவசக் கல்வியும் தாய்மொழியும்

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்த தாய்மொழிப் போதனையும் கணக்குக் கல்வியின் வரலாற்றைத் திருப்பிவிட்டன. இடைநிலை வகுப்பிலே கிராமத்து மாணவனும் மாணவியும் தமிழிலேயே கணக்குப் பதிவு கற்கத் தொடங்கினர். கலைச்சொல் ஆக்கம் பெருகிற்று. பேரேடு, நாளேடு, காசேடு, பரீட்சை மீதி, இரட்டைப் பதிவு முதலியன பாடசாலை வழக்காயின. கடைக்காரரின் ஐந்தொகை, நிறுவனத்தின் சொத்துக்களையும் பொறுப்புக்களையும் ஒருநாளில் நிறுத்திக் காட்டும் கூற்றுக்குப் பெயராகிப் புதுவாழ்வு பெற்றது.

இச்சொல்லாக்கத்திலே சுவையான வேறுபாடொன்று உண்டு. ஏட்டின் இடப்பக்கத்தைத் தமிழ்நாட்டார் ‘பற்று’ என்றும், வலப்பக்கத்தை ‘வரவு’ என்றும் எழுதுவர். இலங்கையிலோ இடப்பக்கம் ‘வரவு’; வலப்பக்கம் ‘செலவு’. ஆகவே ஒரே ‘வரவு’ பாக்குநீரிணையின் இரு கரையிலும் எதிரெதிர்ப் பக்கங்களைக் குறிக்கிறது. தமிழ்நாட்டு நூலை எடுத்துப் படிக்கும் எம் மாணவன் முதலில் மயங்குவான். இரண்டிலும் தவறில்லை. ஆளின் கணக்கை முன்வைத்துப் பார்த்தால் அவன் பெற்றது பற்று, அவனிடமிருந்து வந்தது வரவு. காசின் கணக்கை முன்வைத்துப் பார்த்தால் உள்ளே வந்தது வரவு, வெளியே போனது செலவு. எந்த இடத்தில் நின்று பார்க்கிறோமோ அதற்கேற்பச் சொல்லும் மாறுகிறது. கணக்கு எப்பொழுதும் ஒருவருடைய நோக்குநிலையிலிருந்தே எழுதப்படுகிறது என்பதை மாணவருக்கு உணர்த்த இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

பாடசாலை திறந்த கதவைத் தொழில் உலகம் முழுமையாகத் திறக்கவில்லை. பட்டயக் கணக்காளர் என்ற தொழிற்கூட்டம் முதலில் 1854இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோவிலும், 1880இல் இங்கிலாந்து – வேல்சிலும் அரச பட்டயம் பெற்றது. இங்கிலாந்திலே பயிலுநராகச் சேரும் இளைஞன் தன்னைப் பயிற்றும் கணக்காளருக்குப் பெருந்தொகை செலுத்தி, ஐந்து ஆண்டு பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்க வேண்டியிருந்தது. இது வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இயலும். அந்த மரபின் வழியிலேயே 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அமைந்தது. சுதந்திர நாட்டுக்குச் சொந்தமான தொழில் நிறுவகம் எழுந்தது முன்னேற்றமே. ஆயினும் உயர்படிகளை நெருங்கும்போது ஆங்கிலமே வாசலிற் காவல் நின்றது. பயிற்சிக்குரிய நிறுவனங்கள் கொழும்பிலேயே குவிந்திருந்தன. கிளிநொச்சியிலோ ஹற்றனிலோ தமிழிற் கணக்கீடு கற்று உயர்தரத்திலே சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளைக்கு அந்த இரண்டு தடைகளும் எத்துணை உயரமானவை என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம்.

1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்கக் கந்தோரை நம்பியிருந்த தமிழ் எழுதுவினைஞரின் அடிப்படையை ஆட்டிற்று. பேரினவாதத்தின் அநீதி அது என்பதில் ஐயமில்லை. அதனோடு இன்னொரு பாடத்தையும் நாம் கற்றிருக்க வேண்டும். ஒரு சமூகத்தின் கல்வி முழுவதையும் கந்தோர் நாற்காலியை நோக்கி மாத்திரம் திருப்பி வைத்தால், அந்த நாற்காலி பறிக்கப்படும் நாளிலே கல்வியே பொருளற்றதாகத் தோன்றும். உத்தியோகத்துக்காகக் கற்ற கணக்கு, வாழ்வைப் புரிந்துகொள்ளும் கருவியாக வளராமற் போனது எமது கல்வியின் குறையாகும்.

இன்றைய கடமை

இன்று கூட்டலையும் பேரேட்டில் ஏற்றுதலையும் கணினி செய்கிறது. அழகிய கையெழுத்துக்கும் பிழையற்ற கூட்டலுக்கும் இருந்த சந்தை மறைந்துவிட்டது. ஆகவே கணக்குக் கல்வி தேவையற்றதாயிற்று என்று கூறுவோர் உளர். எமது கருத்து அதற்கு மாறானது. எழுதும் வேலை இயந்திரத்துக்குப் போனால், வாசிக்கும் வேலையும் வினவும் வேலையும் மனிதருக்கு முன்னரிலும் அதிகமாகின்றன. இயந்திரத்திற்கு எதைப் பதியுமாறு கட்டளையிட்டவர் யார் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும், மலையகத்திலும் நுண்கடன் நிறுவனங்களின் வலையிற் சிக்கிய பெண்களின் துயரம் யாவரும் அறிந்தது. 2018ஆம் ஆண்டிலே அரசாங்கம் அவருள் ஒரு பகுதியினருக்குக் கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது முற்றிற்று. வாரந்தோறும் செலுத்திய தொகையிலே முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதை அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலையிலே பலர் கையொப்பமிட்டனர். துண்டு முறை ஒழிந்து ஏறத்தாழ நூறாண்டு கழிந்த பின்னரும், தன் கடனைத் தானே வாசிக்க இயலாத மனிதர் எம்மிடையே இருந்தனர். அவர்களுட் பலர் எமது பாடசாலைகளிலே பத்தாண்டு படித்தவர்கள். இது எம்மையும் குற்றஞ்சாட்டும் உண்மையாகும்.

வணிகப் பிரிவு மாணவரைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவது எமது தொழில்; அதனை ஒழுங்காகச் செய்வோம். பட்டயக் கணக்காளராகும் வழி தமிழ் கற்ற ஏழைப் பிள்ளைக்கும் திறக்கப்பட வேண்டும் எனக் கோருவோம். ஆனால் எந்தப் பிரிவிற் பயிலும் பிள்ளையும் பாடசாலையை விட்டு வெளியேறுமுன் சில ஏடுகளை வாசிக்கக் கற்றிருத்தல் வேண்டும். தகப்பனின் சம்பளச் சீட்டிலே பிடிப்புகள் எவை, ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தவேண்டிய பங்கு செலுத்தப்பட்டதா, தாயின் கடன் அட்டையிலே வட்டி எவ்வாறு கணிக்கப்பட்டது, ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலே எந்தச் செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்பனவற்றை அப்பிள்ளை கண்டு கேட்க வேண்டும். இதற்குப் புதிய பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சம்பளச் சீட்டும் ஒரு கடன் அட்டையும் கரும்பலகையும் போதும்.

கணக்காயன் என்று எம்மை அழைத்த மொழி இது. அப்பெயருக்குரிய கடமையை, கணக்கிலே பேராக மாத்திரம் எழுதப்பட்டு வந்த மக்களின் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவோம்.